அகற்றப்பட்டிருக்கலாம்

மார்ச் 4

அன்புள்ள குண்டூசிக்கு,

அண்ணன் எழுதுவது. நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள்.

நீ அனுப்பிய பென் டிரைவ் நேற்று வந்தது. பஞ்சுக்குள் ஒரு டப்பா, டப்பாவுக்குள் ஓர் உறை, உறைக்குள் இன்னும் கொஞ்சம் பஞ்சு. பிரித்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் நின்ற உன் அண்ணி, "இவ்வளவு பத்திரமா உள்ள என்ன இருக்கு, உங்க தங்கச்சியோட நாக்கா?" என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை. பிறகு சமையலறைக்குப் போய்த் தனியாகச் சிரித்தேன்.

அப்பாவுக்குச் சட்டை மாற்றி, தலை வாரி, நாற்காலியைக் கம்ப்யூட்டர் முன்னால் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினேன். முப்பத்தொரு வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொன்ன மனிதர், பக்கவாதம் வந்து ஐந்து மாதமாக ஒரு சொல் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்குப் பேசப் போகிறார், படத்தைத் தொட்டாவது பேசப் போகிறார் என்று உன் அண்ணியிடம் இரண்டு முறை சொன்னேன். 'பேச்சுப் பலகை' என்று நீ பெயர் வைத்திருந்த கோப்பின் மேல் இரண்டு முறை தட்டினேன். பிரவுசர் திறந்தது. வெள்ளைத் திரையில் இப்படி வந்தது:

'கோப்பு கிடைக்கவில்லை. அது அகற்றப்பட்டிருக்கலாம், பெயர் மாற்றப்பட்டிருக்கலாம், அல்லது வேறு இடத்துக்கு நகர்த்தப்பட்டிருக்கலாம்.'

நான் இருபத்தெட்டு வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். முதல் காரியமாக அந்த வரிகளில் பிழை தேடினேன். ஒன்றுகூட இல்லை. காற்புள்ளிகள்கூட உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தன. இவ்வளவு சுத்தமாக எழுதிய ஒன்று பொய்யாக இருக்காது என்று நம்புவது என் தொழில் எனக்குத் தந்த வியாதி. ஆகவே நம்பினேன். கோப்பை யாரோ அகற்றியிருக்கிறார்கள். அல்லது அது முதலிலிருந்தே அங்கே இல்லை.

அப்பா யார் வீட்டில் இருப்பது என்று நாம் கத்திக்கொண்டபோது நீதானே சொன்னாய், "அவரையே கேட்டுடலாம். உன் வீட்டுப் படம், என் வீட்டுப் படம் ரெண்டும் போட்டு ஒரு பலகை செஞ்சு அனுப்புறேன், அவரே தொட்டுக் காட்டட்டும்" என்று? நானும் சரி என்றேன். பலகை எங்கே? உன்மேல் சந்தேகப்படுகிறேன் என்று நான் சொல்லவில்லை. சந்தேகம் தானாகவே வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. காபி கொடுத்து அனுப்பிவிடலாம் என்று பார்த்தால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

தொலைபேசியில் கேட்டிருப்பேன். உன் அண்ணி போட்ட தடை இன்னும் அமலில் இருக்கிறது. "ரெண்டு பேரும் போன்ல கத்துறீங்க, நடுவுல அவருக்கு உடம்பு படபடங்குது. எழுதித் தொலைங்க. எழுதும்போதாவது நடுவுல மூச்சு விடுவீங்க."

மூச்சு விட்டுக்கொண்டு,
உன் அண்ணன்


மார்ச் 8

அண்ணா,

உன் கடிதத்தில் இரண்டு இடத்தில் சிரித்துவிட்டேன். அதற்காகவும் சேர்த்து உன்மேல் கோபம்.

பேச்சு இழந்தவர்களுக்குப் பலகை செய்து கொடுப்பது என் வேலை. மருத்துவமனையில் தினமும் செய்வதுதான். அப்பாவுக்கென்று நாற்பத்தெட்டுப் படங்கள் தேடினேன். ஒவ்வொன்றுக்கும் என் குரலிலேயே பதிவு செய்தேன். பதிவில் இரைச்சல் விழக் கூடாதே என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க மூன்று ஞாயிற்றுக்கிழமை. என் கம்ப்யூட்டரிலும் மருத்துவமனைக் கம்ப்யூட்டரிலுமாகப் பதினோரு முறை திறந்து பார்த்தேன். பதினோரு முறையும் திறந்தது. உன் வீட்டுக்கு வந்ததும் திறக்கவில்லை என்றால், கோளாறு பலகையில் இல்லை.

அகற்றப்பட்டிருக்கலாம் என்று அதுவே சொல்கிறதே. யார் அகற்றியிருப்பார்கள்? நான் இல்லை. தபால்காரருக்கு வேறு வேலை இருக்கிறது. உனக்கு அகற்றத் தெரியாது. பிரிண்டர் ஓடாவிட்டால் முதுகில் தட்டிக்கொடுக்கிற ஆள் நீ. மிச்சம் ஒருவர்தான். நான் பேர் சொல்லவில்லை. ஆனால் கடைசியாகப் பேசியபோது பின்னாலிருந்து, "அவர் எங்ககூடவே இருக்கட்டும், யாரும் எதையும் கேக்க வேண்டாம்" என்ற குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

பென் டிரைவுக்குள் பார். கோப்பின் பெயர் இருக்கிறதா? பக்கத்தில் அதன் அளவு என்று ஓர் எண் இருக்கிறதா? அது இருந்தால் கோப்பும் இருக்கிறது.

இன்னொன்று. எங்கள் மருத்துவமனையில் தினசரிப் பயிற்சிக்கு அப்பா பெயரில் ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறேன். மார்ச் 31 வரைதான் வைத்திருப்பார்கள். பிறகு வேறொருவருக்குப் போய்விடும். அடுத்தது எப்போது என்று தெரியாது. அவர் வர மாட்டேன் என்றால் விட்டுவிடுகிறேன். ஆனால் அவர் சொல்லட்டும். நீ சொல்லாதே.

தங்கை


மார்ச் 12

அன்புள்ள குண்டூசிக்கு,

பெயருக்கேற்றபடி குத்தியிருக்கிறாய். உன் பேச்சைக் கேட்டு உன் அண்ணியை விசாரித்தேன். வீட்டுக்குள் விசாரணைக் கமிஷன் வைக்கும் எண்ணம் உனக்கு என்றாவது வந்தால் அதைக் கைவிடு.

"பென் டிரைவ்ல எதையாவது தொட்டியா?"

"ஆமா, நான்தான் அழிச்சேன். கையோட உங்க அறிவையும் அழிச்சுட்டேன். தேடிப் பாருங்க, கிடைக்காது."

"இல்ல, தங்கச்சி என்ன கேக்குறான்னா..."

"அவ கேக்கட்டும். அஞ்சு மாசமா அவருக்கு ஊட்டிவிடுற கை எதுன்னும் சேத்துக் கேக்கச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. இந்த வீட்டில் பேசாதவர்கள் இரண்டு பேரானார்கள். மூன்றாவது ஆளாகிய நான் இருவர் பங்கையும் சேர்த்துப் பேசினேன்.

நீ சொன்னபடி உள்ளே பார்த்தேன். பெயர் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது. பெயரின் மேல் தட்டினால் பிரவுசர் வந்து 'கிடைக்கவில்லை' என்கிறது. வாசலில் பெயர்ப்பலகை தொங்குகிறது. மணியடித்தால், அப்படி யாரும் இங்கே குடியில்லை என்கிறார்கள். வெறும் பெயரை மட்டும் அனுப்பிவிட்டு, "அனுப்பினேனே, அவன்தான் திறக்கவில்லை" என்று உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளத் திட்டமா? கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

ஒரு விஷயத்தில் நீ நிம்மதியாக இருக்கலாம். உன் மூலப்படியை நான் எங்கேயும் நகலெடுக்கவில்லை. எங்கள் தொழிலில் அது பாவம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூலப்படியை நகலெடுத்து, நகலைத் திருத்தி, நகலின் நகலை அச்சுக்கு அனுப்பிவிட்டேன். நடுவில் ஓர் அத்தியாயமே காணாமல் போயிற்று. எழுதியவர் குடையோடு வந்தார். அன்று மழை இல்லை. அன்றிலிருந்து மூலப்படி எந்த உறையில் வந்ததோ அந்த உறையில் வைத்துத்தான் எனக்கு வேலை. ஆகவே உன் பென் டிரைவைச் செருகி, அதிலிருந்தே திறந்து, அதிலேயே மூடி, மறுபடி பஞ்சுக்குள் வைத்துவிடுகிறேன். இதுவரை பதினேழு முறை. பதினேழு முறையும் அதே பதில், அதே காற்புள்ளிகள்.

உன் அண்ணன்


மார்ச் 16

அண்ணா,

அண்ணியின் பதிலைப் படித்தேன். குற்றம் செய்தவர்களும் அப்படிப் பேசுவார்கள், செய்யாதவர்களும் அப்படித்தான் பேசுவார்கள். அதனால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை. ஊட்டிவிடுகிற கை எது என்று எனக்குத் தெரியும். அதை அண்ணியிடம் சொல். நான் சொன்னதாகவே சொல்.

உங்கள் அச்சகத்துக்கு வரும் கம்ப்யூட்டர் மெக்கானிக்கிடம் காட்டு. உன் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போன மாதம் அவர்தான் புதுப்பித்துக் கொடுத்தார் என்று நீயே முன்பு சொல்லியிருந்தாய். இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். அப்பாவை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பேசாதே. அவருக்குப் போனது பேச்சு மட்டும்தான். நாம் பேசுவது அத்தனையும் புரியும். இதை நான் டிசம்பரிலேயே சொன்னேன், நீ ஏதோ ஜோக் அடித்தாய்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அது திறக்க வேண்டும் என்று உனக்கு ஆசை இருக்கிறதா?

தங்கை


மார்ச் 20

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. மெக்கானிக்கிடம் காட்டினேன். பயனில்லை. கோப்பு கிடைக்கவில்லை என்றே வருகிறது. முடிந்தால் வேறொன்று செய்து அனுப்பு. அவசரமில்லை.

அப்பா நலம். உன் மஞ்சள் கதவு வீட்டில் நீயும் மாப்பிள்ளையும் நலம் என நம்புகிறேன். வெயில் அதிகமாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 23

அண்ணா,

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம்கூடப் பார்த்தேன். ஒரு ஜோக் இல்லை. அண்ணி சொன்ன ஒரு வார்த்தை இல்லை. என்னைக் குண்டூசி என்று கூப்பிடவில்லை. உன் கல்யாணத்தன்று அழுதுகொண்டே ஜோக் அடித்தவன் நீ. என்னவோ நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு அதுவே போதும்.

ஆனால் நீ இன்னொன்றும் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

நீ கடைசியாக என் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்போது கதவு பழுப்பு நிறம். மஞ்சள் அடித்தது இந்த ஜனவரியில். உனக்கு நான் எழுதவில்லை, அண்ணிக்கும் சொல்லவில்லை. அந்தக் கதவை மஞ்சளாகப் பார்க்க உனக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. பேச்சுப் பலகையில், நான்காவது வரிசையில், இடது பக்கம்.

எப்போது திறந்தது, அண்ணா?

பிழை திருத்துகிறவனாம்!

தங்கை


மார்ச் 26

அன்புள்ள குண்டூசிக்கு,

இருபத்தெட்டு வருடமாக ஊரார் பிழையையெல்லாம் பிடித்தவன், ஒரு கதவில் மாட்டிக்கொண்டேன். என் சொந்த எழுத்தை நான் ஒருபோதும் இரண்டாம் முறை படிப்பதில்லை. அச்சகத்தில் வெளியே சொல்லிவிடாதே.

திறந்தது 19-ஆம் தேதி. அச்சகத்தில் மெக்கானிக் பென் டிரைவைச் செருகி ஒரு நிமிடம் பார்த்தார், சிரித்தார்.

"சார், கோப்புக்கு ஒண்ணும் இல்ல. பத்திரமா இருக்கு. உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்குற பிரவுசரை நான்தான் கொஞ்சம் கட்டிப்போட்டு வெச்சேன், பாதுகாப்புக்கு. உங்க சொந்த ஃபோல்டருக்குள்ள மட்டும்தான் அது போகலாம். வெளியிலேர்ந்து செருகுற எதையும் எட்டிப் பாக்க அதுக்கு அனுமதி இல்ல."

"அனுமதி இல்லைன்னா அதைச் சொல்ல வேண்டியதுதானே? கிடைக்கலைன்னு ஏன் சொல்லுது? அகற்றிட்டாங்கன்னு ஏன் சந்தேகத்தைக் கிளப்புது?"

"அது அப்படித்தான் சார். என்னால பாக்க முடியலைன்னு சொல்றதுக்குப் பதிலா, அங்க ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிடும். மனுஷங்க சொல்றதில்லையா? நீங்க அதை உங்க ஃபோல்டர்ல ஒரு தடவை நகல் எடுத்துப் போட்டிருந்தா முதல் நாளே திறந்திருக்கும். யாரா இருந்தாலும் அதைத்தான் முதல்ல செஞ்சிருப்பாங்க."

யாராக இருந்தாலும். என்னைத் தவிர. குடையோடு வந்த அந்த மனிதருக்கு இத்தனை வருடம் கழித்தும் பயந்து, பதினேழு முறை மூலப்படியிலிருந்தே திறந்தேன். உன் அண்ணியை விசாரித்தேன், உன்னைச் சந்தேகித்தேன், தபால்காரரைக்கூட ஒரு நாள் ஒரு மாதிரி பார்த்தேன். எல்லாம் காற்புள்ளிகளை நம்பி.

வீட்டுக்கு வந்து நகலெடுத்துத் திறந்தேன். உன் நாற்பத்தெட்டுப் படங்களும் வந்தன. நான்காவது வரிசையில் மஞ்சள் கதவு. தட்டினேன். "என் மகள் வீடு" என்றது உன் குரல், நீ சின்ன வயதில் ஐஸ் கேட்கும்போது வருமே, அந்தக் குரல். பக்கத்தில் என் வீடு. கொடியில் என் பனியன் காயும் நாளாகப் பார்த்து எடுத்த படம். "என் மகன் வீடு" என்றாய், ஜலதோஷம் பிடித்த குரலில். கோபம் வர வேண்டும், வரவில்லை. பயம்தான் வந்தது. அவர் எதைத் தொடுவார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. குரல் எப்படி இருந்தாலும்.

சமையலறையிலிருந்து உன் அண்ணி கேட்டாள், "என்ன, திறந்துடுச்சா?"

"இல்ல" என்றேன். நன்றாக உரக்கத்தான் சொன்னேன்.

அவளுக்குக் குக்கர் சத்தத்தில் உன் குரல் கேட்டிருக்காது. அப்பா அடுத்த அறையில் நாற்காலியில் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. மறுநாள் உட்கார்ந்து உனக்கு அந்த ஜோக் இல்லாத கடிதத்தை எழுதினேன். எனக்குத்தான் பார்க்கத் தைரியம் இல்லை, கோப்பு இல்லை என்று எழுதிவிட்டேன். பிரவுசர் சொன்ன அதே பொய், அதே சுத்தம்.

அன்றிலிருந்து அப்பா நான் ஊட்டினால் வாயைத் திறக்கவில்லை. பசி மந்தம் என்று நினைத்தேன். உன் அண்ணி ஊட்டினால் மட்டும் மந்தம் தெளிந்துவிட்டது.

நேற்று உன் கடிதம் வந்தது. உன் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "முதல்ல அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து பலகையைத் திறந்து, மவுஸை அவருடைய இடது கையில் வைத்தேன். அவர் அவசரப்படவில்லை. எந்த ரயிலையும் அவர் அவசரப்பட்டு அறிவித்ததில்லை. வரிசை வரிசையாக எல்லாவற்றையும் பார்த்தார். தண்ணீரைத் தாண்டினார், தலையணையைத் தாண்டினார். காது படத்தில் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்தினார்.

"எனக்குக் காது கேட்கும்" என்றது உன் குரல்.

நான் தலை குனிந்தேன். மறுபடி அழுத்தினார். "எனக்குக் காது கேட்கும்." ஐந்து மாதமாக அவர் தலைக்கு மேலே நான் அடித்த ஜோக்குகள், உன் கடிதங்களை நடிப்போடு வாசித்துக் காட்டியது, 'இவருக்கு என்ன புரியப்போகிறது' என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னது, கடைசியாக அந்த ஒரு 'இல்ல'. மூன்றாவது முறை அழுத்தியபோது உன் அண்ணி அடுப்பை அணைக்கப் போவதாகச் சொல்லி உள்ளே போனாள். அடுப்பு எரியவில்லை.

பிறகு கேட்டேன், "எந்த வீட்டுல இருக்கணும்ப்பா?"

மஞ்சள் கதவு.

"நல்லாப் பாத்தீங்களா?"

மஞ்சள் கதவு.

அச்சுக்குப் போவதற்குமுன் மூன்று முறை பார்ப்பது என் வழக்கம். மூன்றாவது முறையும் கேட்டேன். மஞ்சள் கதவுதான். அதற்குப் பிறகு வாயைத் திறந்து காட்டினார். நான் ஊட்டினேன். சாப்பிட்டார்.

உங்கள் மருத்துவமனைக்கு உன் அண்ணியே தொலைபேசியில் பேசி இடத்தை உறுதி செய்துவிட்டாள். தடை போட்டவளுக்கு மட்டும் தடை இல்லையாம். 30-ஆம் தேதி அழைத்துக்கொண்டு வருகிறோம். அவருடைய சட்டைகளை நான்தான் மடித்து வைத்துக்கொண்டிருக்கிறேன். கோணல் மாணலாக வருகிறது. பார்த்துச் சிரிக்காதே.

உன் அண்ணன்


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பா நன்றாக இருக்கிறார். தினமும் காலையில் பயிற்சி. போன வாரம் 'வ' என்று ஒரு சத்தம் வந்தது. வாவா, வண்டியா, வலியா என்று நாங்கள் நாலு பேர் சுற்றி நின்று வாதாடினோம். அவர் சலித்துப்போய்க் காதுப் படத்தை அழுத்தினார். உன் ஞாபகம் வந்தது.

அண்ணியை நான் சந்தேகப்பட்டது தப்பு. அதைத் தனிக் கடிதத்தில் அவருக்கே எழுதியிருக்கிறேன். நீ பிரித்துப் படித்துவிட்டு ஒட்டிக் கொடுக்காதே.

இனி எழுதப்போவதை மூன்று நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு வாரமாக அப்பா, காலையில் பலகையைத் திறந்ததும் முதலில் ஒரே படத்தைத்தான் அழுத்துகிறார். கொடியில் உன் பனியன் காயும் படம். முதல் நாள் கை தவறிப் பட்டுவிட்டது என்றேன். இரண்டாம் நாள் பழைய பழக்கம் என்றேன். மூன்றாம் நாள் உன் மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "நீயும் ஆரம்பிச்சுட்டியா?" என்றார்.

நேற்று நானே நேராகக் கேட்டேன். "அண்ணன் வீட்டுக்குப் போகணுமாப்பா?" 'வேண்டாம்' படத்தை அழுத்தினார். "அண்ணனைப் பாக்கணுமா?" உடனே அந்தப் பனியன். அடுத்து 'எப்போது?' படம். அடுத்து மறுபடி பனியன். அறிவிப்பு மாதிரி விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாமா என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. பலகை சரியாகத் திறக்கவில்லை, என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை என்று இரண்டு வரி போதும். நீ நம்பியிருப்பாய். ஆனால் இங்கே அது முதல் தட்டிலேயே திறந்துவிடுகிறது, அண்ணா. அதுதான் தொந்தரவு.

ஞாயிற்றுக்கிழமை வா, அண்ணியையும் கூட்டிக்கொண்டு. வருகிற நேரத்தைத் தொலைபேசியில் சொல், கத்த மாட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். உன் வீட்டுப் படத்துக்குக் குரல் கொடுத்த அன்று எனக்கு ஜலதோஷம் எதுவும் இல்லை. நேற்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, அதை மறுபடி பதிவு செய்தேன்.

குண்டூசி